கப்பலுக்குக் கவுளி கேட்டது

எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் பல்லி சம்மதிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் சொந்தபந்தம் பாதிக்கு மேல் இப்படித்தான். கிணறு வெட்ட, பெண் பார்க்க, மாடு வாங்க, எதுவானாலும் குலதெய்வத்தின் முன்னால் உட்கார்ந்து கவுளி கேட்பார்கள். பல்லி வலப்பக்கம் கத்தினால் சாமி சரியென்றது. இடப்பக்கம் கத்தினால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. என் அப்பா ஆனந்தகுமார் இதில் எல்லோருக்கும் ஒரு படி மேல். புது டிராக்டருக்குப் போட மாலையோடு கிளம்பியவர், கோவிலில் பல்லி இடப்பக்கம் கத்தியதால் மாலையைக் காளைக் கழுத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

இப்போது பல்லி சம்மதிக்க வேண்டியது எனக்கு. நான் கப்பலில் போய்ப் படிக்க.

கல்லூரியே கப்பலில்தான் நடக்கும். வகுப்பு, படுக்கை, சாப்பாடு எல்லாம் அதிலேயே. ஒரு பருவம் முழுக்க நாடு நாடாகப் போகும். துறைமுகத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் நான் விலங்கியல் படிக்கும் கல்லூரியிலிருந்து என்னை மட்டும் எடுத்திருந்தார்கள். இத்தனைக்கும் நான் இதுவரை நேரில் பார்த்த கடல் உயிரினம் கருவாடுதான். மறுநாளுக்குள் அப்பாவின் கையெழுத்தோடு சம்மதக் காகிதம் போகவில்லை என்றால் என் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

பல்லியைக் கேட்காமலே ஏற்பாடுகள் என்னவோ தடபுடலாக நடந்தன. அம்மா நர்மதா பருப்புப் பொடியை இடித்துக் குவித்துவிட்டு, "கப்பல்ல கொடி கட்டித் துணி காயப்போட உடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் பிரதீப் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரை இரவல் வாங்கி, பின்னால் டிரெயிலரில் என்னை நிற்க வைத்து, உழுத காட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினான். அலைக்குப் பழக வேண்டுமாம். காலையில் தின்ற இட்லியெல்லாம் வரப்புக்கு உரமானது.

அப்பா மட்டும் எதிலும் சேரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அத்தன தண்ணிக்கு நடுவால, குடிக்கத் தண்ணி இருக்குமா அம்மணி?"

"இருக்குமுங்கப்பா."

"செரி, கவுளி சொல்லட்டும்" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அன்று சாயங்காலம் காளியாத்தா கோவிலுக்குப் போனோம். அம்மனைப் பார்த்து அப்பா முன்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் மூவரும். பூசாரி குப்பண்ணன் கற்பூரத் தட்டோடு ஓரமாக நின்றார். வலப்பக்கம் எங்கள் தேங்காய்த் தட்டு இருந்தது. பல்லி கத்தும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. எனக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. சுவரில் பல்லிக்குக் குறைச்சலும் இல்லை. ஒன்று பூச்சி தின்றது, ஒன்று தூங்கியது. என் தலையெழுத்தைச் சொல்ல வேண்டியவர்கள் இந்த லட்சணத்தில் இருந்தார்கள்.

திடீரென்று வலப்பக்கமிருந்து, "ச்சு ச்சு ச்சு!"

"வலதுங்க! வலதுங்க!" என்று குப்பண்ணன் துள்ளினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பிரதீப்பைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். காது மட்டும் சிவந்திருந்தது. சத்தம் வந்த தேங்காய்த் தட்டிலிருந்தே அடுத்து ஒரு பெண் மலையாளத்தில் கனிவாக மெத்தை விற்கத் தொடங்கினாள். ஒன்று வாங்கினால் தலையணை இலவசமாம்.

குப்பண்ணன் அந்தத் தட்டைத் தூக்கினார். அடியில் அண்ணனின் போன்.

"விளம்பரம் வருமுன்னு தெரியாதுங்க" என்றான் பிரதீப், மெதுவாக.

அவனை யாராவது திட்டுவதற்குள், எவனோ தன் சுவருக்குப் பங்காளியாக வந்துவிட்டான் என்று நினைத்த நிஜப் பல்லி ஒன்று அடித்தொண்டையில் கத்தியது. இடப்பக்கச் சுவரிலிருந்து. ஐயமே இல்லை.

குப்பண்ணன் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ஆத்தா வேண்டாங்குறா, தம்பி."

அது எனக்குச் சொன்னதில்லை, போனுக்குச் சொன்னது என்று கத்த நினைத்தேன். பல்லியின் பழக்கவழக்கம் பற்றிப் பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதியவள் நான். ஆனால் நெஞ்சுக்குள் எல்லாம் இடிந்து விழுந்த மாதிரி இருந்தது.

"சரிங்கப்பா" என்றேன்.

அப்பா திரும்பாமலே கேட்டார். "என்ன சொன்ன?"

"சரின்னேனுங்."

"சண்ட போடலையா?"

"இல்லீங்."

"கொழம்புல உப்புக் கொறஞ்சாலே ஊரக் கூட்டுவியே அம்மணி!"

எனக்கு அழுகைதான் வந்தது. சத்தம் வெளியே கேட்காமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டேன். அம்மா என் முதுகைத் தடவினாள்.

அப்பா இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே பின்பக்கமாகத் திரும்பினார். இப்போது அவர் முதுகு காளியாத்தாவுக்கு. முகம் எனக்கு. கண்ணெல்லாம் தண்ணீர்.

குப்பண்ணன் பதறிவிட்டார். "தம்பி! ஆத்தாளுக்கு முதுகக் காட்டறீங்களே!"

"இருக்கட்டுங்க. பல்லி எந்தச் செவுத்துல கத்துச்சு?"

"அந்தா, அந்தச் செவுத்துலங்க."

"அது எனக்கு எந்தக் கைப் பக்கம்?"

குப்பண்ணன் சுவரைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார், அம்மனையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சோத்துக் கைப் பக்கமுங்க" என்றார்.

"அப்பறமென்ன" என்று அப்பா என் முன்னால் கையை நீட்டினார். "கையெழுத்து எங்க போடோணும்? சட்டுனு காயிதத்த எடு அம்மணி, இன்னொண்ணு கத்தறதுக்குள்ள."