எரிகிற கரியைப் பறிமுதல் செய்வது

1

இது நடந்ததை நான் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் நிலக்கரி ஊரான எமலாஷ்லேனிக்குப் போகும் ஷேர் டாக்ஸியில் முன் சீட்டுப் பெண்கள் இருவர் சொல்லிச் சிரித்தார்கள். முடிவைச் சொல்லாமல் இறங்கிவிட்டார்கள். நானும் இறங்கிக் கேட்டிருக்கலாம். முடிவு தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

2

தொடக்கங்கள்:

"அனல்மின் நிலையத்தின் நிழல் அந்தக் குடியிருப்பின் மேல்—" (வேண்டாம். அந்த நிழலில் நிறையப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.)

"பூமியின் கரிய இதயத்தை—" (பூமிக்கு இதயம் கிடையாது.)

"நோம்சா மசொம்புகா மின்நிலைய வாசலுக்கு எதிரே க்வின்யா பொரித்து விற்கிறாள்." இது நிற்கிறது.

3

ஓட்டை போட்ட பெயின்ட் டின்தான் அடுப்பு. லாரிகள் வளைவில் சிந்திப் போகும் நிலக்கரியைப் பொறுக்கி எரிக்கிறாள். மாவு உருண்டைகள் எண்ணெயில் புரண்டு சிவந்து க்வின்யா ஆகின்றன. அடுப்பு போனால் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை.

மின்கம்பிகள் அவள் வீட்டின் மேலே போகின்றன. உள்ளே வருவதில்லை. (இதில் முரண்நகை காண்பவர்கள் அவளிடம் போய்ச் சொல்லலாம்.)

4

ஃபிரான்ஸ் ம்ட்ஸ்வேனி, நிலையத்துக் காவலாளி. முதல் வரைவில் தொப்பை கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். தினமும் அவளிடம் சாப்பிடுகிறவன். அன்று இன்னொரு காவலாளியோடு பிக்கப் வண்டியில் வந்தான்.

"அக்கா, புது ஆர்டர். கீழ சிந்துன கரியும் கம்பெனி சொத்தாம். கரி, அடுப்பு எல்லாத்தையும் எடுக்கணும்."

"எடுத்துக்கோ."

"எரியுதே."

"கரின்னா எரியும் தம்பி. அத வச்சுத்தானே உங்க கம்பெனியே பொழைக்குது."

க்வின்யா வாங்க வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் சிரித்தார்கள்.

"தண்ணி ஊத்தி அணைச்சிடுவேன்."

"ஊத்து. மேல எண்ணெ கொதிக்குது. உன் மூஞ்சிதான் அடுத்த க்வின்யா."

"சட்டிய எறக்குங்க, அக்கா."

"மாட்டேன். ஆள் நிக்குது. நேத்துத் தின்னியே, அதுவும் இந்தக் கரிதான். அத மொதல்ல பறிமுதல் பண்ணு."

கூட வந்த காவலாளி மெதுவாகப் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான்.

"சரி," என்றான் ஃபிரான்ஸ். "அணையுற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன்."

"நில்லு. வெயில்தானே."

5

கரி தணிந்தது. ஓரங்களில் சாம்பல் வெளுத்தது. நோம்சா அடுத்த உருண்டையைப் போட்டாள்; எண்ணெய் பழைய சத்தம் போடவில்லை. அது ஃபிரான்ஸ் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்தது.

அப்போது பக்கத்து வீட்டு மார்த்தா வாளியோடு வந்தாள். ராத்திரிக் குளிருக்கு வைத்திருந்த கரி. கட்டி கட்டியாக அடுப்புக்குள் போட்டாள்.

"அக்கா, நீங்களுமா?"

"இதுவும் ரோட்டுல கெடந்ததுதான், ஃபிரான்ஸ். ஜெயில்ல கம்பளி குடுப்பாங்கல்ல?"

(மார்த்தா டாக்ஸிப் பெண்களின் பேச்சில் இல்லை. நான் சேர்த்தேன். யாராவது வந்திருப்பார்கள்.)

6

முடிவுகள்:

அ. மேலாளர் இறங்கி வந்து ஒரு க்வின்யா சாப்பிட்டு மனம் மாறுகிறார். அப்படி ஒரு மேலாளரை எழுத எனக்குக் கை வராது.

ஆ. அடுப்பு அணைகிறது. நோம்சா கைதாகிறாள். இதைப் பத்திரிகைகள் விரும்பும். ஏழை தோற்றால் கதைக்கு ஆழம் வந்துவிடுகிறது. அந்த ஆழத்துக்கு அவள் அடுப்பைக் கொடுக்க மாட்டேன்.

இ. ஃபிரான்ஸ் சீருடையைக் கழற்றி— இல்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீரத்தை அவன் தலையில் கட்டிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது.

ஒன்று மட்டும் உறுதி. இந்த அடுப்பு அணைவதை நான் எழுத மாட்டேன். எழுதாமல் இருந்தால் மட்டும் அது எரிந்துகொண்டே இருக்காது என்பதும் தெரியும்.

7

ஆகவே நிலவரம் இது. சட்டி கொதிக்கிறது. ஃபிரான்ஸ் நிற்கிறான். மார்த்தாவின் வாளி காலி.

வளைவில் ஒரு லாரி நிறைசுமையோடு திரும்புகிறது. பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. சில கட்டிகள் உருண்டு வந்து உங்கள் காலடியில் நிற்கின்றன. அவை கம்பெனி சொத்து. ஃபிரான்ஸ் அவற்றைப் பார்க்கிறான். பிறகு உங்களைப் பார்க்கிறான்.

நோம்சாவும் பார்த்துவிட்டாள்.

"என்ன படிச்சுக்கிட்டே நிக்கிற? குனிஞ்சு எடு."