எதுன்னாலும் சரி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே நின்றபடி இங்கிலீஷில் தைரியம் சொல்லிப் பழகியவர். அதனால் இங்கிலீஷ் தனக்குத் தண்ணிபட்ட பாடு என்று ஒரு நினைப்பு. நான் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு இரண்டு பேராக நின்று படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. எதிரே நிற்பவள் ஒரு முனையை இழுத்தால் நான் மறுமுனையை இழுக்க வேண்டும். வாயைத் திறக்கவே தேவையில்லை.

தரைத்தளத்து விசாரணைக் கவுண்டரில் ஓர் இடம் காலியானது. உள்ளே இருப்பவர்களிலேயே ஆள் எடுப்பார்களாம், இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் பாஸானால் போதுமாம். அந்த நாற்காலிக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இப்படி வாய்விட்டு ஒன்றை நான் வேண்டும் என்று சொன்னதே அபூர்வம்.

தேர்வுக்கு ஜோடியாகத்தான் போக வேண்டும், கூட வருபவர் வெளியாளாகவும் இருக்கலாம், மார்க் மட்டும் தனித்தனி. ஆள் இல்லாதவர்களுக்கு அவர்களே யாரையாவது சேர்த்துவிடுவார்கள்.

“முன்னப்பின்ன தெரியாதவங்களோட எதுக்கு? நானே வரேன். நான் பக்கத்துல இருந்தா உனக்குத் தைரியமா இருக்கும்” என்றார். கேட்கவில்லை, அறிவித்தார்.

வேலை முடிந்ததும் கேன்டீனில், தேர்வுக்குப் போகிற ஊழியர்களுக்கு வகுப்பு. இரண்டைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல இங்கிலீஷில் மூன்று வார்த்தை இருப்பதாக டீச்சர் சொன்னார். இரண்டுமே வேண்டும் என்றால் போத். இரண்டில் எதுவானாலும் சரி என்றால் ஐதர். இரண்டுமே வேண்டாம் என்றால் நைதர். ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் பென்சிலுமாக வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் யோசிக்காமல் ஐதர் என்றேன். குடையா பையா என்றார். அதற்கும் ஐதர்.

“உங்களுக்குப் பிடிக்காததுன்னு ஒண்ணுமே கிடையாதா?” என்று டீச்சர் சிரித்தார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிவருகிற ‘எதுன்னாலும் சரி’யை இங்கிலீஷ்காரன் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டில் பயிற்சி என்ற பெயரில் அவர்தான் பேசினார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே.

“எந்தப் படத்தைக் காட்டினாலும் ஐதர்னு சொல்லிடு. ரெண்டுமே நல்லா இருக்குன்னு ஒரு காரணத்தைச் சொல்லு. வம்பே இல்ல.”

“சரிங்க.”

“பாத்தியா, எவ்வளவு சுலபம்!”

தேர்வு நடத்திய அம்மா எங்களைவிடச் சின்னவர்தான். கறாரானவர். மேஜையில் இரண்டு படங்களை வைத்தார். வாடகைக்கு விடும் இரண்டு வீடுகள், உள்ளே எந்த அறை எங்கே என்று கோடு போட்டுக் காட்டிய படம். முதலில் ஒருவர் தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். பிறகு மற்றவர் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குச் சொல்லும் பதிலுக்குத்தான் பாதி மார்க்.

என்னைப் பார்த்து, இதில் எது பிடிக்கும் என்று கேட்டார். நான் மூச்சை இழுப்பதற்குள் இவர் முந்திரிக்கொட்டை மாதிரி, என் மனைவிக்கு ஐதர், இரண்டுமே நல்ல வீடு என்று இங்கிலீஷில் விளாசிவிட்டார்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “நான் கேட்டது உங்கள் மனைவியை. இன்னொரு முறை குறுக்கே பேசினால் தேர்வை நிறுத்திவிடுவேன், இரண்டு பேருக்கும்தான்” என்றார். இவர் முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியும் போச்சு, ஜன்னலும் போச்சு என்று நினைத்தேன்.

மனப்பாடம் செய்ததைச் சொல்லத்தான் குனிந்தேன். அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். முதல் வீட்டில் சமையலறை நடுவில் இருந்தது, இரண்டாவதில் மூலையில். இரண்டிலும் சமையலறைக்கு ஜன்னல் இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறை அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது.

“நைதர்” என்றேன்.

பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. காரணம் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா. எனக்குத் தெரிந்த உடைசல் இங்கிலீஷில் சொன்னேன். சமையலறைக்கு ஜன்னல் இல்லை. நான் வேலை செய்யும் இடத்திலும் ஜன்னல் இல்லை. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் ஜன்னல் இல்லாத அறையில் நிற்கிறேன். மழை பெய்கிறது என்று என் கணவர் நனைந்து வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இப்போது கேள்வி கேட்க வேண்டியது இவர். சாதாரண நாளில் வாயை மூட மாட்டார். அன்றைக்கு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். கேள்வி வராவிட்டால் பாதி மார்க் போய்விடும். மேஜைக்கடியில் இவர் காலை மிதித்தேன்.

“அப்போ... நீ ஏன் அன்னிக்கே சொல்லல?” இங்கிலீஷில் கேட்டார். குரல் எங்கேயோ உள்ளேயிருந்து வந்தது.

அன்றைக்கு என்றால் நாங்கள் புதிதாகக் குடித்தனம் வந்தபோது. தெருத்தெருவாக அலைந்து அவர் இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தார். இரண்டிலும் சமையலறைக்கு ஜன்னல் இல்லை. எது வேண்டும் என்று கேட்டார். எதுன்னாலும் சரி என்றேன். ரெண்டும் வேண்டாம் என்று சொல்லத் தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? காரணம் வேறு. அதைத்தான் சொன்னேன்.

“உங்கள் காலில் கொப்புளம் இருந்தது. மூன்றாவது வீடு பார்க்க உங்களை நடக்கவிட எனக்கு மனசு வரவில்லை.”

கொப்புளத்துக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று தெரியாததால் குனிந்து என் குதிகாலைத் தொட்டுக் காட்டினேன். அந்த அம்மா முதல் முறையாகச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

அடுத்த சில நாட்கள் சாப்பாடு, தூக்கம், வேலை என்று ஊமையாகவே நடமாடினார். கோபம்போல என்று விட்டுவிட்டேன். பிறகு தேர்வு முடிவு வந்தது. நான் பாஸ். இவர் ஃபெயில், அடுத்தவர் கேள்விக்குப் பதில் சொன்னதால்.

“லிஃப்ட்டுக்குள்ள இருக்கறவங்களைக்கூடப் பேசவிட மாட்டீங்கபோல” என்று கிண்டல் செய்தேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, சந்தோஷத்தில்தான்.

அவர் நேராகச் சமையலறைக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“இதுக்கு அந்தப் பக்கம் என்ன?”

“பக்கத்து வீட்டுக் குளியலறை.”

“அடக் கடவுளே.” கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் அடுப்பின் முன்னால், நான் நிற்கிற இடத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பினார். “இந்த வீட்லயே இருக்கலாமா, வேற பாக்கலாமா?”

பழக்க தோஷம், ‘எது’ வரைக்கும் வாயில் வந்துவிட்டது. அவர் அந்தத் தேர்வு அம்மா மாதிரியே விரலைத் தூக்கிக் காத்திருந்தார். இப்படி வாயை மூடிக்கொண்டு என் பதிலுக்காக இவர் நின்று நான் பார்த்ததில்லை.

“வேற பாக்கலாம்” என்றேன். “நானும் வருவேன்.”

“கால் வலிக்கும்.”

“வலிச்சா சொல்றேன்” என்று செருப்பை மாட்டினேன்.