சலித்த தவிடு

காசியம்மாளுக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. கீழ்பென்னாத்தூர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருவண்ணாமலையில் மகன் வீட்டோடு வந்துவிட்டதிலிருந்து அந்தக் கைக்கு வேலையே இல்லை. "எதையும் தொடாதம்மா, சும்மா உக்காரு" என்று கோபி சொல்லும்போதெல்லாம், நீ இங்கே தண்டம் என்றுதான் அவள் காதில் விழுந்தது.

அன்று மகனும் மருமகள் வேதாவும் வேலைக்குப் போன பிறகு, சமையல்கட்டு அலமாரிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப் அகப்பட்டது. மூடியைத் திறந்தால் கோதுமைத் தவிடு. தவிடு முழுக்க மஞ்சள் புழு நெளிந்தது. கறுப்பு வண்டுகள் வேறு.

மருமகள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. ஆபீசுக்கு ஓடுகிற பெண் எதையென்று பார்ப்பாள்? கோபி கண்ணில் பட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தவிட்டைச் சலித்தாள். புழுவையும் வண்டையும் கொல்லையில் கொட்ட, கோபி வளர்க்கும் கோழிகள் முட்டி மோதிக்கொண்டு வந்து ஒன்று விடாமல் தீர்த்தன. தவிட்டை மாடி வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு, டப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் வேதா முதலில் வந்தாள். காசியம்மாள் அவளைத் தனியே கூப்பிட்டு, "புழு வெச்ச தவுட்ட சுத்தம் பண்ணிட்டேன்மா. அவன்கிட்ட மூச்சு விடமாட்டேன்" என்றாள்.

வேதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அத்தை! அது கோழிக்குப் போடறதுக்குன்னு அவரு வளக்கற புழு. வண்டு முட்ட வெச்சு, புழு வரணும்னு மாசக்கணக்கா பாத்துக்கினு இருந்தாரு."

புழுவையும் வளர்ப்பார்களா? காசியம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சும்மா இருக்கத் தெரியாதா என்று பெற்ற பிள்ளை வாயால் கேட்கப் போகிறோமே என்று அழுகை முட்டியது. அதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது.

கோபி நேராக டப்பைத்தான் திறந்தான். "யாரு பண்ணது இத?"

காசியம்மாள் வாயெடுப்பதற்குள் வேதா முந்திக்கொண்டாள். "நான்தாங்க. சமையல்கட்டுல கொண்டாந்து புழு வெச்சா?"

அவன் கத்தித் தீர்த்துவிட்டுக் கோழிகளிடம் போனான். வேதா மாமியார் பக்கத்தில் வந்து, "அத்தை, பருப்புலயும் வண்டு வுழுந்துகீது. அது யாரும் வளக்கறது இல்ல. நாளைக்கு நீங்கதான் பாக்கணும்" என்றாள்.

காசியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள்.