மாத்திரையா, ஏற்றுவதா?

சிட்டுவுக்கு ஆறு வயது. குடலில் புண், ஒரு வருடமாக ஆறுவதும் வெடிப்பதுமாக இருந்தது. நாளைக்குப் பத்துத் தடவை கழிப்பறை, அதில் பாதி ரத்தம். ஸ்டீராய்டு கொடுத்தால் நிற்கும். குறைத்தால் பழைய குருடி கதவைத் திறடி. அந்த மருந்தால் முகம் வேறு உப்பிப் போய், கண் இரண்டும் கீறலாகிவிட்டன.

“இனி ஸ்டீராய்டை நம்பி ஓட்ட முடியாதும்மா,” என்றார் டாக்டரம்மா. “தினமும் போடுற மாத்திரை இருக்கு, வேலை செய்ய மூணு மாசம் ஆகலாம். இல்லன்னா இங்க வந்து, கையில ஊசி குத்தி மருந்து ஏத்தணும். அது சீக்கிரம் கேக்கும். ரெண்டுமே உடம்போட எதிர்ப்பைக் குறைக்கும். ரொம்ப அபூர்வமா புற்றுநோய்கூட வரலாம், அதையும் மறைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சொல்லுங்க.”

அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் காலர் வைப்பவள். மறுநாள் இரண்டு காலரைத் தலைகீழாக வைத்துவிட்டாள்.

“இதைப் போடுற பையன் தலைகீழா நிப்பானாம்மா?” என்றார் மேற்பார்வையாளர். அவளும் சிரித்தாள். அழுவதைவிட அது சுலபமாக இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் லாரியில் இருந்த கணவனை அழைத்தாள்.

“நீ எது சொன்னாலும் சரி. எனக்கென்ன தெரியும்?” என்றான்.

“எனக்கு மட்டும் டாக்டர் பட்டமா கொடுத்திருக்காங்க? நல்லா ஆனா நம்ம பொண்ணு, ஏதாவது ஆனா நான் எடுத்த முடிவு. அதானே?”

“அப்படி இல்ல...”

“அப்படித்தான். ராத்திரி பகலா கழுவி விடுறேன், அது எனக்குப் பாரமில்லைங்க. இதைத் தனியா சுமக்க முடியல.”

வெள்ளிக்கிழமை, லோடை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சவரம்கூடச் செய்யாமல் வந்து நின்றான். அவளுக்குத் தோன்றாத கேள்வியை அவன்தான் கேட்டான்: “மாத்திரை கேக்குற வரைக்கும் ஸ்டீராய்டு ஓடணுமா?”

“ஓடணும்.”

இருவரும் சிட்டுவின் கன்னத்தைப் பார்த்தார்கள். “ஏத்திடலாம்.” யார் முதலில் சொன்னது என்று பிறகு அவர்களுக்கே நினைவில்லை.

நரம்பு மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. சிட்டு அப்பாவின் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். இரண்டாம் தடவை மருந்து ஏற்றிய பிறகு ரத்தம் நின்றது. கழிப்பறை மூன்று தடவையாகக் குறைந்தது. சிட்டு தும்மினால் மட்டும் இருவரும் ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

“எத்தனை வருஷத்துக்கு டாக்டர்?”

“இப்போ சொல்ல முடியாதும்மா.”

மூன்றாம் தடவை மருந்து சொட்டிக்கொண்டிருந்தபோது, “கொஞ்சம் கண்ணை மூடு, நான் பாத்துக்கறேன்,” என்றான் கணவன். நாற்காலியில் சாய்ந்து மூடினாள். தூக்கம் வரவில்லை. ஆனாலும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.