ஒரு துப்பாக்கி, இரண்டு குழல்

ஜிஸ்லாவா, ஸ்திபோர் விவாகரத்தில் வீடு, கார், நாய் எல்லாம் பங்கு பிரிந்துவிட்டன. துப்பாக்கி மட்டும் பிரியவில்லை. விஷ்கோவ் சுடுகளத்தில் இதை மெல்லாத வாய் கிடையாது. துப்பாக்கியின் உடம்பு ஒன்றுதான். கழற்றி மாட்டும் குழல் இரண்டு. மெல்லியது ஜிஸ்லாவாவுக்கு, பருத்தது ஸ்திபோருக்கு. சனிக்கிழமை காலையில் அவள் சுடுவாள், மதியம் அவன். சுட்டு முடித்தவர் தன் குழலைக் கழற்றி, அடுத்தவருடையதை மாட்டி வைத்துவிட்டுப் போவது களத்து மரியாதை.

ஜிஸ்லாவா மரியாதையில் கொஞ்சம் தாராளம். அவன் குழலை அவள் முறுக்கினால் ஓராளால் கழற்ற முடியாது. உடம்பை ஒருவர் அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் ஸ்பேனரில் தொங்க வேண்டும். ஆகவே அவன் சுட்டு முடித்ததும் உடம்பைப் பிடித்துக்கொடுக்க, மாலைவரை கேன்டீனில் காத்திருப்பாள்.

"ஒரு ஸ்பேனருக்கு ரெண்டு பேர்னா, டைவர்ஸ் எதுக்குடி?" என்பாள் கேன்டீன் க்வேத்தா.

"அந்த ஆளுக்குக் கையில தெம்பில்ல. நான் என்ன பண்ண?"

போன சனிக்கிழமை ஸ்பேனரில் தொங்கியபடியே ஸ்திபோர் சொன்னான்: "வேணும்னேதான் இறுக்குற."

"இப்பதான் தெரியுதாக்கும்?"

"மொத வாரமே தெரியும்."

அவளுக்குக் காது சிவந்துபோனது. குழல் இளகியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வலது கண்ணு போச்சு ஜிஸ்லா. இலக்கே தெரியல. இனிமே வரமாட்டேன்."

"இடது கண்ணால சுடேன்."

"கண்ணு என்ன குழலா, கழட்டி மாட்ட?"

இந்தச் சனிக்கிழமை இரும்பு அலமாரியில் அவள் குழல் மாட்டப்பட்டுத் தயாராக இருந்தது. அவன் குழலைக் காணோம். தேய்ந்துபோன குழல்களைக் கேன்டீன் பின்னால் தக்காளிச் செடிக்கு ஊன்றுவது அங்கே வழக்கம். எட்டிப் பார்த்தாள். கடைசிச் செடிக்கு அருகில் பருத்த குழல் நின்றது; செடியைத் துணிநாடாவால் அதனோடு கட்டியிருந்தான்.

"இன்னும் தேயவே இல்லையே, க்வேத்தா! நல்ல குழலாச்சே!"

"அவனேதான் வந்து நட்டான். அவ கேட்டாலும் புடுங்கிக் குடுக்காதேன்னான்." அன்றைக்கு க்வேத்தாவின் வாயில் கிண்டல் இல்லை.

ஜிஸ்லாவா சுடவில்லை. ஸ்பேனரை எடுத்துத் தன் குழலில் வைத்தாள். அவன் மாட்டியது எப்போதும்போல் ஒரு கைக்கே இளகியது. கழற்றி மாட்ட இன்னொன்று இல்லை. அதையே திரும்ப முறுக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு. பிறகு கேன்டீனுக்குப் போய், வழக்கமான நாற்காலியில் மாலைவரை உட்கார்ந்திருந்தாள்.