சுரைக்குடுக்கைத் துணி

தைலம்மாள் அக்காவுக்கு மூன்றாவதாகப் பிறந்தவன்தான் தங்கினான். முன்னால் பிறந்த இரண்டும் காய்ச்சலில் போய்விட்டன. இவனை ஏழாம் மாதத்தில் அண்ணாமலை உச்சிக்குத் தூக்கி வந்து தீபத்துக்கு நெய் ஊற்றுவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். மரக்காணம் கடற்கரையில் பிறந்த நாங்கள் யாரும் மலையேறியதில்லை.

புறப்படும் காலையில் அக்கா தன் பழைய நூல் புடவையை மூன்றாகக் கிழித்துச் சுருட்டி ஒரு சுரைக்குடுக்கைக்குள் திணித்தாள். அக்காவின் கணவர் கொளஞ்சி மாமா கடலுக்குப் போகும்போது மாற்று வேட்டி வைத்துக்கொள்ளும் குடுக்கை அது. மூடி வைத்து, தண்ணீர் புகாதபடி எண்ணெயில் குழைத்த குங்கிலியத்தைச் சுற்றிலும் பூசினாள்.

"மலைக்குப் போறோம்டி, கடலுக்கு இல்ல. அங்க அலை வந்தா அடிக்கப் போவுது?" என்று மாமா சிரித்தார்.

"தண்ணி எங்கிருந்து வந்தா என்ன? துணி நனையுமில்ல?"

"மேகம் எவ்ளோ ஒசரத்துல நிக்குது பாரு. ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டு விழாது."

மாமா வானம் பார்த்துச் சொன்னால் தப்பாது. குப்பமே அவர் முகத்தைப் பார்த்துத்தான் கட்டுமரம் தள்ளும். அப்படியும் அக்கா குடுக்கையை என் தோளில் மாட்டிவிட்டாள்.

திண்டிவனத்தில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் மாறினோம். அங்கே எங்கள் பெட்டியில் ஏறிய வீரம்மாள் என்ற அம்மாளும் மலைக்குத்தான் வந்தாள்.

"இன்னாம்மா, குடுக்கையில கள்ளா? சாமிக்கா, உங்க மாமாவுக்கா?" என்று என்னைக் கேட்டாள். பெட்டியே சிரித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"புள்ளைக்கு மாத்துத் துணிங்க" என்றாள் அக்கா.

"துணியைப் போய் குடுக்கையில அடைப்பாங்களா? என் கம்பளியைப் பாரு. எந்த மழை வேணா வரட்டும்!"

மறுநாள் ஏறத் தொடங்கியபோது வேர்த்துக் கொட்டியது. பாதி மலையில் நின்று திரும்பிப் பார்த்தேன். மேகம் எங்களுக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது. அது மெல்ல ஏறி எங்களிடம் வந்தது. மரங்கள் மறைந்தன. முன்னால் போன மாமா மறைந்தார். நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. மேகத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நொடிக்கு ஒரு பக்கமாகக் காற்று மாறியது.

"இது எந்தக் காத்துன்னே தெரியலையே" என்று மாமாவின் குரல் கேட்டது.

குழந்தை முழுக்க நனைந்துவிட்டான். அவன் அழுகை மெலிந்து, நின்றே போனது. உதடு கறுத்தது.

"குடுக்கையை ஒடைடி ஜல்தி!" என்று மாமா கத்தினார். நான் மூடியில் கை வைத்தேன்.

"தொடாத! இப்பத் தொறந்தா மூணும் நனைஞ்சிடும். ஒதுங்க எடம் கிடைக்கட்டும்" என்றாள் அக்கா. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஏறினாள். அந்தத் தூரம் எவ்வளவென்று எனக்குத் தெரியாது. அவனிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

சாய்ந்து நின்ற ஒரு பாறையின் அடியில் வீரம்மாள் கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நனைந்த கம்பளியை அவளால் தூக்கவே முடியவில்லை. எங்களைப் பார்த்ததும் அதை மாமாவும் அவளுமாக இழுத்துப் பிடித்துச் சாரலை மறைத்தார்கள். அக்கா குங்கிலியத்தைப் பல்லால் பெயர்த்தாள்.

துணி சருகுபோல் உலர்ந்து வந்தது. எங்கள் வீட்டுக் கருவாட்டு வாசனை அடித்தது. ஒன்றால் துடைத்தாள். ஒன்றைச் சுற்றினாள். ஒன்றால் தலையை மூடினாள்.

அவன் அழவில்லை. நாங்கள் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேகமும் பாறை வாசலில் வந்து நின்றது.

கண்ணைச் சுருக்கினான். வாயைக் கோணினான். வீரிட்டு அழுதான்.

ஒரு கணம் கழித்து, மேகத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே அழுகை வந்தது.

கடலில் எவ்வளவு கத்தினாலும் குரல் போனது போனதுதான். அவன் மறுபடி அழுதான். மலையும் மறுபடி அழுதது.

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். மாமா கம்பளியை விட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாத அந்த வெள்ளையை நோக்கி இரண்டு கைகளையும் கூப்பினார்.