இடது சக்கரம்

அண்ணனின் வலது கையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ராஜபாண்டிக்கு அந்த விமானம் ஞாபகம் வந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிய அண்ணன் அய்யாத்துரை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டரைக் கூட்டி வருவதற்குள் போய்விட்டார். இப்போது மணி ஒன்பதே முக்கால். தாராவியில், வீட்டு வாசலிலேயே பெஞ்சு போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் தூக்குவதாகப் பேச்சு.

இருவரும் ஜூஹுவில் ஒரே விமானக் கொட்டகையில் மெக்கானிக்குகள். மாட்டுங்காவில் இருக்கும் வெங்கடராமன், ஓய்வுபெற்ற பைலட், தன் வயதையொத்த இரண்டு இருக்கை விமானம் ஒன்றை அங்கே நிறுத்தியிருந்தார். ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு அதில் ஒரு சுற்று பறந்துவிட்டு வருவார்.

இன்று ஞாயிறு.

போன வாரம் அந்த விமானத்தின் இடது பிரேக் மிதி தொளதொளவென்று இறங்கியது. எண்ணெய் குறைந்திருந்தது. திங்கட்கிழமை ராஜபாண்டிதான் ஊற்றினான். விமானத்துக்கான சிவப்பு எண்ணெய் டின் காலியாக இருந்தது. வேறு வாங்கிவர அலுப்பு. காருக்கு ஊற்றும் பிரேக் ஆயில் அலமாரியில் இருந்தது. எல்லாம் எண்ணெய்தானே என்று ஊற்றிவிட்டான்.

நேற்று வேறு கோளாறு. கையால் தள்ளும்போது தடையில்லாமல் உருண்ட இடது சக்கரம், இன்ஜினைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினதும் சூடேறி இறுகியது. அய்யாத்துரை விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, திருகைத் தளர்த்தி, பிரேக் எண்ணெயில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் வடித்தார். ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்த்து முகர்ந்தார்.

"என்னல ஊத்துன?"

"சிவப்புதாண்ணே."

அண்ணன் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கார் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஊதிவிடும், பிஸ்டன் திரும்பி வராது என்று வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். காலையில் ஆறு மணிக்கே வந்து எல்லாவற்றையும் பிரித்து மாற்றிவிடலாம் என்றார். எந்த விமானத்தையும் ஜாக்கியில் விட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. இறக்கி வைத்துவிட்டே கிளம்பினார்கள். இப்போது வெங்கடராமன் வந்து பார்த்தால், வேலை முடிந்ததுபோல அது தன் சக்கரங்களில் நின்றுகொண்டிருக்கும்.

ஈரக் கையோடு வெங்கடராமனுக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தார். கொட்டகை போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பைக் சாவியை எடுத்தபோது சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கொள்ளி வைக்கிறவன் இப்போது எங்கே போகிறான் என்று ஒரு பெரியவர் சத்தமாகவே கேட்டார். மதினி விஜயராணி தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஒரு ஆளத் தடுக்கணும் மதினி. இல்லன்னா அவரும் செத்துருவாரு."

"போயிட்டு வா. நீ வராமத் தூக்க விடமாட்டேன்," என்றாள்.

பாந்த்ரா தாண்டும்வரை சாலை தெரிந்தது. அதற்குப் பிறகு தரை தொடும் விமானம்தான் தெரிந்தது. இடது சக்கரம் மட்டும் பிடித்துக்கொள்கிறது. விமானம் சுழல்கிறது, மூக்கு தரையில் குத்துகிறது, பெட்ரோல் ஒழுகுகிறது. வானத்தில் ஏதோ சத்தம் கேட்டபோது அண்ணாந்து பார்க்கப் பயந்து, தலையைக் குனிந்தே ஓட்டினான்.

கொட்டகைக்கு வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ராஜபாண்டி பைக்கைப் போட்டுவிட்டு ஓடி, விமானத்துக்கு எதிரே தூரமாக நின்று, நிறுத்தச் சொல்லித் தலைக்குமேல் இரண்டு கைகளையும் குறுக்காக வைத்தான். மூக்கில் சுழலும் விசிறி மெதுவாகி, ஒருமுறை உதறி நின்றது.

வெங்கடராமன் கீழே இறங்கினார்.

"அண்ணன் காலையில தவறிட்டாரு சார்."

அவர் இறக்கையைப் பிடித்துக்கொண்டார். இதைச் சொல்லவா இங்கே ஓடி வந்தாய் என்று கேட்டார்.

"பிரேக்கைப் பிரிக்கல சார். உள்ள கார் ஆயில் இருக்கு. நான்தான் ஊத்துனேன். அண்ணன் கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

"அய்யாத்துரை நேத்து சாயங்காலம் போன் பண்ணினானே," என்றார் வெங்கடராமன். "தப்பான ஆயில் விட்டுட்டேன், என் தப்புதான் சார், காலம்பற வந்து மாத்திடறேன்னான். வந்து பார்த்தா சக்கரத்துல நிக்கறது. முடிச்சுட்டுப் போயிட்டான்னு நெனச்சுட்டேன்."

ராஜபாண்டி குனிந்து இடது சக்கரத்தைத் தொட்டான்.

"நான் விட்டுட்டேன்னுதாம்ப்பா சொன்னான்."

இருவருமாக விமானத்தைத் தள்ளி உள்ளே கொண்டுபோய்ச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். இதை எடுக்கக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி விசிறியில் கட்டினான் ராஜபாண்டி. எழுத்துகள் கோணலாக விழுந்தன. நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெங்கடராமன் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

மணி பதினொன்றரை. வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் ராஜபாண்டி மெதுவாகத்தான் ஓட்டினான். ஒவ்வொரு சிக்னலுக்கும் வெகு தூரத்திலேயே பிரேக்கை மிதித்தான். மாஹிம் சிக்னலில் பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின.

"பச்சை விழுந்துடுத்து," என்றார் வெங்கடராமன் தணிந்த குரலில்.

ராஜபாண்டிக்கு 'என் தப்புதான் சார்' என்பதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றியபடி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிகள் இரு பக்கமும் விலகிப் போயின.